குடல்வால் அழற்சியும் படமெடுப்பு மரபுகளும்

குடல்வால் அழற்சியைக் கண்டறிவதில் இரண்டு தவறுகள் நேரலாம். நோயில்லாத குடல்வாலை வெட்டி எடுப்பது ஒன்று. நோயுள்ளதை இல்லையென்று அனுப்பிவிட்டு, பிறகு அது வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவக் காண்பது மற்றொன்று. பாஸ்டனில் ரெஜினால்ட் ஃபிட்ஸ் 1886இல் இந்நோயைத் தெளிவாக இனங்காட்டினார். 1889இல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, வலப்புற அடிவயிற்றில் வலி குவியும் புள்ளியைச் சுட்டினார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மருத்துவரின் விரல்நுனியே முதன்மைக் கருவி. அறுத்தெடுத்தவற்றில் 15 முதல் 20 விழுக்காடு நல்ல குடல்வாலாக இருப்பது அந்த மரபில் குறையாகக் கருதப்படவில்லை. அதைவிடக் குறைந்தால் மருத்துவர் அளவுக்கு மீறித் தயங்குகிறாரோ என்ற ஐயமே எழுந்தது. ஒரு தவறைக் குறைத்தால் மற்றது கூடும் என்ற இந்தக் கணக்கைத்தான் ஸ்கேன் கலைத்துப்போட்டது.

முதலில் வந்தது அல்ட்ராசவுண்ட். நெதர்லாந்தின் ஜூலியன் பைலார்ட் 1986இல் வெளியிட்ட முறை எளிமையானது. கருவியை வலிக்கும் இடத்தில் வைத்து அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் குடலிலுள்ள வாயு விலகும், நல்ல குடல் நசுங்கும், வீங்கிய குடல்வால் மட்டும் நசுங்காமல் நிற்கும். குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நோய் என்ற வரம்பும் பின்னர் பரவலானது. நல்ல குடல்வாலும் அந்த அளவைத் தாண்டுவதுண்டு என்பதால், சுற்றியுள்ள கொழுப்பில் அழற்சி தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பல ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான பகுப்பாய்வின்படி, பெரியவர்களில் நோயுள்ளோரில் 83 விழுக்காட்டினரை அல்ட்ராசவுண்ட் பிடிக்கிறது. நோயில்லாதோரில் 93 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. ஸ்கேனுக்கு வரும் நூறு பேரில் 20 பேருக்கே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ‘இல்லை’ என்று வரும் முடிவுகளில் தவறானவை 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அதே கருவியிடம், அறிகுறிகள் முற்றிய, நூற்றுக்கு 80 பேர் நோயாளிகளாக உள்ள கூட்டம் வந்தால், ‘இல்லை’ என்பதில் 42 விழுக்காடு பொய். கருவி மாறவில்லை, முன்னால் படுத்திருப்பவர்கள் மாறினார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோதே நோய் ஏறக்குறைய உறுதியாகிவிட்டவரை, அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது இதனால்தான். குடல்வாலே கண்ணில் படாத ஸ்கேன்களின் சிக்கல் வேறு. அவற்றை ‘இல்லை’ கணக்கில் சேர்ப்பதா, விட்டுவிடுவதா என்பதைப் பொறுத்தே ஆய்வின் எண்கள் ஏறி இறங்குகின்றன. பருத்த உடலும் கைப்பழக்கமில்லாத பரிசோதகரும் சேர்ந்தால் முடிவு இன்னும் மங்கும்.

சி.டி. ஸ்கேன், அதைச் செய்பவரின் கையை இந்த அளவுக்கு நம்பியிருப்பதில்லை. பாஸ்டனில் 100 நோயாளிகளிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வில் அது 98 விழுக்காடு சரியாகச் சொன்னது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, நோயைப் பிடிப்பதில் 95, நோயில்லாதோரை விலக்குவதில் 94 விழுக்காடு என்ற சற்றே அடக்கமான எண்களைத் தருகிறது, நம்பத்தக்கவை இவையே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில மருத்துவமனைகளின் பதிவுகளில், ஸ்கேன் எடுத்தபின் அறுவை செய்தவர்களில் 4.5 விழுக்காட்டினருக்கும், எடுக்காமலே செய்தவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் குடல்வால் நன்றாக இருந்தது. இதற்கான விலை கதிர்வீச்சு. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் இளையவர்கள் என்பதால் அந்த விலையைச் சிறிதென்று தள்ள முடியாது. தென்கொரியாவில் 15 முதல் 44 வயதுள்ள 891 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு, வழக்கமான கதிர்வீச்சில் ஏறக்குறைய கால்பங்கே போதும் என்று காட்டியது. வீண் அறுவை 3.2 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடாக மட்டுமே மாறியது.

கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ.யின் துல்லியம் சி.டி.க்குக் குறைந்ததல்ல. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்டில் தெளிவு கிடைக்காதபோது அதுவே அடுத்த படி. செலவும் நேரமும் நள்ளிரவில் படத்தைப் படிக்க ஆள் கிடைக்காமையும் அதைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. நெதர்லாந்தில் முதலில் அல்ட்ராசவுண்ட், தெளிவில்லையென்றால் சி.டி.; படமெடுக்காமல் அறுவை செய்வதை அந்நாட்டு 2010 வழிகாட்டி ஏற்பதில்லை. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு நேரே சி.டி. பிரிட்டனில் மருத்துவரின் சோதனைக்கே நெடுங்காலம் முதலிடம். அங்கு எடுக்கப்பட்ட குடல்வால்களில் ஐந்தில் ஒன்று நல்லது என்று 2020இல் வெளியான பெரும் ஆய்வு கண்டது. ஸ்கேன் தயக்கத்தின் விளைவு இதில் தெரிகிறது. குழந்தைகளுக்கு மட்டும் பொதுவாக அல்ட்ராசவுண்டே முதல்.

ஆண்டிபயாடிக் மருந்தால் மட்டுமே நோயைத் தணிக்க முயலும் சிகிச்சை வந்தபின் ஸ்கேனிடம் எதிர்பார்ப்பு கூடிவிட்டது. அழற்சி உண்டா என்பதோடு, அது எந்த வகை, குடல்வாலுக்குள் கல்போல இறுகிய மலம் உண்டா என்பதும் தெரிந்தாக வேண்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் அத்தகைய கல் இருந்தோரில் 41 விழுக்காட்டினருக்கும், இல்லாதோரில் 25 விழுக்காட்டினருக்கும் 90 நாட்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. கல்லை சி.டி. நன்றாகவே காட்டுகிறது, சிறு துளை விழுந்திருப்பதை அது பல நேரம் தவறவிடுகிறது.