திரை விழுந்த அறிவு

சித்தம் கலங்கியவரை அரபு மொழி 'மஜ்னூன்' என்கிறது. ஜீம், நூன், நூன் என்னும் அதன் மூலத்திற்கு மறைத்தல் என்பதே அடிப்படைப் பொருள். தாய் வயிற்றில் மறைந்திருக்கும் கரு 'ஜனீன்'. மரச் செறிவால் நிலம் மறைந்த சோலை 'ஜன்னத்'. கண்ணுக்குப் புலப்படாத படைப்பு 'ஜின்'. ஆகவே 'ஜுனூன்' என்பதற்கு அறிவின்மீது திரை விழுதல் என்று பொருள் கொள்ளலாம். மறைந்தது அழிந்ததாகாது, திரை விலகின் வெளிப்படும். நம் சமுதாயமோ அச்சொல்லில் ஜின்னை மட்டும் கண்டு, அறிவை மறந்தது.

அம்மறதியின் விலை சிறிதன்று. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, ஏர்வாடி தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் போயின. இந்நோய்க்கு மருந்தில்லை என்ற எண்ணமும் அச்சங்கிலியின் ஒரு கண்ணியே.

மருந்து இருக்கிறது. 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் உப்பு வெறியெழுச்சியைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். 1952இல் பாரிஸில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசினைச் சித்தம் கலங்கியோர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். இவ்வகை மருந்துகள் மூளையில் டோபமைனின் செயலை மட்டுப்படுத்துவதால், இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமற்ற ஐயங்களும் பலருக்குத் தணிகின்றன. மனச்சிதைவுக்கும், களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கும் இன்று இவை வழங்கப்படுகின்றன.

மருந்துண்பது தவக்குலுக்கு மாறு என்பாரும் உளர். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும்போது இவர்கள் நாவில் தவக்குல் வருவதில்லை! நூருத்தீன் மன்னர் 1154இல் டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளரும் சிகிச்சை பெற்றனர். அங்கும் அவர்கள் சங்கிலியில் இருந்ததைப் பயணி இப்னு ஜுபைர் பதிந்துள்ளார். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அன்று அவர்களிடம் இல்லாத மருந்து இன்று நம்மிடம் உண்டு. சங்கிலிக்கு நாம் என்ன நியாயம் சொல்வோம்?

மருந்திலும் குறையுண்டு. சிலருக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும். சில மருந்துகளால் எடை கூடும், சர்க்கரை ஏறும். பிற மருந்துகள் பயனளியாதபோது கொடுக்கப்படும் க்ளோசபின், அரிதாக வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும். எனவே இரத்தப் பரிசோதனை கட்டாயம். இவற்றை எடுத்துரைக்காமல் சீட்டெழுதும் மருத்துவரும் பிழை செய்கிறார். சொல்லப்படாத துன்பம் வந்ததும் வீட்டார் மாத்திரையை நிறுத்துகின்றனர். தெளிந்தபின் 'இனி எதற்கு' என்று நிறுத்துவோரும் உண்டு. இரு வழியிலும் நோய் மீளும் அபாயம் மிகுதி. மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

ரமலானில் இன்னும் கவனம் தேவை. நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயர்ந்து நஞ்சாகக் கூடும். நோயாளிக்கு நோன்பில் இறைவன் அளித்த சலுகை, மனம் நோயுற்றவருக்கும் உரியதே.

இத்துன்பத்தோடு பலர் முதலில் வருவது ஆலிம்களாகிய நம் வாசலுக்கே. ஓதிப் பார்த்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம். குறை நம்முடையது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் 'தவா, துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஓரிடத்தில் வழங்கப்பட்டன. ஏர்வாடியும் பின்னர் அவ்வழியை ஏற்றது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் முற்றாகத் தடுக்கிறது. ஓதுவோம், ஓதி முடித்த கையோடு, மருத்துவரிடம் சென்றீர்களா என்றும் கேட்போம். திரையை விலக்குபவன் அல்லாஹ். அதற்கு அவன் தந்த கருவிகளுள் மருந்தும் ஒன்று.