மாடல் டி காரின் மூன்று மிதிகள்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி எண்ணிக்கையில் உருவாக்கிய மாடல் டி காரை, இன்றைய ஓட்டுநர் எவராலும் ஏறியமர்ந்த உடனே ஓட்டிவிட முடியாது. அதன் மூன்று மிதிகளில் இடப்புறத்தது கியரை மாற்றுவது, நடுவிலுள்ளது பின்னோக்கிச் செலுத்துவது, வலப்புறத்தது பிரேக். ஆக்சிலரேட்டரோ காலடியில் இல்லாமல், ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழ் வலப்பக்க நெம்புகோலாக அமைந்துள்ளது. இடப்பக்க நெம்புகோல், சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி எக்கணத்தில் எழவேண்டும் என்பதை நிர்ணயிப்பது. அதனைத் தாமத நிலையில் வைக்காமல், எஞ்சினை இயக்க முன்புறக் கைப்பிடியைச் சுழற்றினால், எஞ்சின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டையே முறித்துவிடக்கூடும். எஞ்சின் உயிர்பெற்றபின் அந்நெம்புகோலைச் சிறிது சிறிதாக இறக்க, தடுமாறிய ஓசை சீராவதைக் காதும் உள்ளங்கையும் ஒருசேர உணர்கின்றன. வேகம் குறைவே எனினும், இக்காரை ஓட்டும் இன்பத்தில் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இத்தகைய கார்களின் சந்தை சுருங்கிவருவதற்கு, அவற்றை நேசித்த தலைமுறை மறைந்துவருவதும், இளைய சேகரிப்பாளர்கள் தம் சிறுவயதில் கண்டு ஏங்கிய பிற்காலக் கார்களை நாடுவதும் முதன்மைக் காரணங்கள். இதனால் நேரும் விலைச்சரிவு, காரை முதலீடாகக் கருதியவருக்கு இழப்பே. ஓட்ட விரும்புவோருக்கோ அது நல்வாய்ப்பு, ஏனெனில் மாடல் டி-க்கான உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன.