கை எட்டும் உயரம்

ஜூன் மாதத்தில் பல நாடுகளில் பூங்கா மரங்களும் விளக்குக் கம்பங்களும் கம்பளிநூல் பின்னலைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. கண்ணும் காதும் ஒருசேரக் குறைந்தவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல, டெஃப்பிளைண்ட் இன்டர்நேஷனல் அமைப்பு முன்னெடுக்கும் முயற்சி இது. 2005இல் ஹூஸ்டன் நகரில் மேக்டா சாயெக் என்பவர் தன் கடைக் கதவின் கைப்பிடிக்குப் பின்னலுறை மாட்டியதிலிருந்து பரவிய தெருக்கலை, இங்கே ஒரு சமூகக் காரியத்துக்குப் பயன்படுகிறது. கண்ணும் காதும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பிறந்த ஜூன் 27ஐ இந்த இரட்டைக் குறைபாட்டுக்கான உலக நாளாக 2025இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. உலக மக்கள்தொகையில் 0.2 முதல் 2 சதவீதம் பேர் இந்நிலையில் இருக்கலாம் என்பது அவர்களுடைய உலகக் கூட்டமைப்பு 2018இல் தந்த மதிப்பீடு. அப்படியும் பல நாடுகளின் சட்டங்கள் இதைத் தனிக் குறைபாடாக ஏற்கவில்லை. ஆகவே, ஊரறியச் சொல்ல வேண்டிய தேவை உண்மையானது. அதை இந்தக் கலை எந்த இடத்தில் நிறைவேற்றுகிறது என்பதே கேள்வி.

என் கணிப்பில், இதன் பலம் எல்லோரும் கூடிப் பின்னும் மேசையில் இருக்கிறது, மரத்தில் இல்லை. சாதாரணப் பின்னலின் ஒரு பக்கம் வழுவழுப்பாக ஓடும், மறுபக்கம் வரிவரியாக முட்டிக்கொண்டிருக்கும். ஊசியில் எத்தனை கண்ணி, எங்கே ஒன்று நழுவியது என்பதை விரல்நுனியே சொல்லிவிடும். தேர்ந்த கைகள் கண்ணை நம்பிப் பின்னுவதில்லை. அதனால் கண்ணும் காதும் குறைந்தவர் அங்கே உதவி பெறுபவராக அல்ல, சமமான கைக்காரராக உட்கார முடிகிறது. பக்கத்தில் இருப்பவரும் ஒன்று கற்கிறார்: குறைபாடு உடையவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோளை மெல்லத் தொட்டுத் தன் வரவைச் சொல்லி, அவர் கைக்கு அடியில் தன் கையை வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு துண்டறிக்கையால் இதைக் கற்றுத்தர முடியாது.

மரத்தில் ஏறியதும் எல்லாம் கண்ணுக்குப் போய்விடுகிறது. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சிலர் பின்னலைக் கை எட்டாத உயரத்தில் கட்டுகிறார்கள். நல்லெண்ணத்தோடு நூலில் பிரெய்ல் எழுத்து பின்னுவோரும் உண்டு. பிரெய்ல் புள்ளிகளுக்கு இடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். ஓர் எழுத்து ஒரு விரல்நுனிக்குள் அடங்கினால்தான் படிக்க முடியும். தடித்த நூலில் ஒரு முடிச்சே அந்தப் புள்ளி இடைவெளியைவிடப் பெரிதாகிவிடும். பார்ப்பவருக்கு அது பிரெய்ல், தொட்டுப் படிப்பவருக்கு வெறும் மேடுபள்ளம்.

வழிப்போக்கருக்காகத்தானே இது, அவர் கண்ணைக் கவர்ந்தால் என்ன தவறு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. குறைபாடு உடையவர்களிலும் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பார்வையோ செவிப்புலனோ மிஞ்சியிருக்கிறது; கறுப்பின்மேல் மஞ்சள் பார்வை மிஞ்சியவர்களுக்கும் எட்டும், வெளிறிய நிறங்கள் எட்டா. ஆனால் நிறத்தை மட்டும் கண்டு நகர்ந்தவருக்கு, சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட ஊன்றுகோல் இந்த இரட்டைக் குறைபாட்டைக் குறிக்கிறது என்பது தெரியாது. கூட நடந்து, சுற்றி நடப்பதை உணர்த்தும் வழிகாட்டி-மொழிபெயர்ப்பாளர் இல்லாததால் ஒருவர் வீட்டோடு முடங்குவதும் தெரியாது. நிகழ்ச்சிச் செலவில் முதல் தொகை நூலுக்கு அல்ல, அந்த மொழிபெயர்ப்பாளரின் கூலிக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர் யாருமில்லையே, மேசைக்கு யாரை அழைப்பது என்பது அமைப்பாளர்கள் சொல்லக்கூடிய இன்னொரு மறுப்பு. இதை நான் ஏற்கவில்லை. முதுமையில் இரண்டு புலனும் சேர்ந்து மங்குவதுதான் இக்குறைபாட்டின் மிகப் பரவலான வடிவம். அப்படி மங்கியவர்கள் தங்களை இந்தப் பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. வயசாகிவிட்டது என்று மட்டும் சொல்வார்கள். பின்னல் வட்டங்களுக்கு வருவோரில் முதியவர்கள் குறைவில்லை. பேச்சு பிடிபடாமல், வெளிச்சம் போதாமல், வருவதையே நிறுத்திக்கொண்டவர் யார் என்று அந்த வட்டத்துக்குள்ளேயே விசாரிக்கலாம். மரத்தை அளப்பதற்கு முன்பே அதைச் செய்யலாம்.