‘குடும்பக் கடன்’ என்னும் கதையாடல்: சேலத்திலிருந்து சில குறிப்புகள்

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையிலிருந்து ஒரே ஓர் எண்தான் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது: 2,63,976. தமிழ்நாட்டின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இத்தனை ரூபாய்க் கடன் இருக்கிறது என்றது அறிக்கை. மறுநாள் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெல்டர் ஒருவர் கேட்டார்: ‘ஏனுங்க, நா வாங்காத கடனுக்கு எம்பேர எழுதீட்டாங்களே, வட்டிய யாருங்க கட்டறது?’ பட்டறையே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், அந்தத் தடித்த அறிக்கையில் இந்தக் கேள்வியை யாரும் இத்தனை நேராகக் கேட்கவில்லையே என்று பட்டது.

அரசைக் குடும்பமாக உருவகிப்பது பழைய தந்திரம். ‘வரவுக்கு மேல் செலவு செய்யாதே’ என்று வீட்டுப் பெரியவர் தொனியில் பேச அது இடம் தருகிறது. 2001இல் அ.தி.மு.க. அரசின் வெள்ளை அறிக்கையைத் தொடர்ந்து ஊழியர்களும் ஏழைகளும் கேட்டதும் இந்தத் தொனியைத்தான். ஆனால் கடன்பட்ட குடும்பம் தன் வருமானத்தைத் தானே சட்டம் போட்டு நிர்ணயிக்க முடியாது; அரசு முடியும். எதன் மீது வரி, எதன் மீது வரி இல்லை என்று தீர்மானிக்கிற இடத்தில் அது இருக்கிறது. மாநில உற்பத்தியோடு ஒப்பிட வரி வருவாய் தேய்ந்துகொண்டே வந்ததை 2021 அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அந்தத் தேய்மானம் யாருக்கு லாபமாகப் போனது என்ற விஷயத்தை 2,63,976 என்ற சராசரி மூடிவிடுகிறது. நூற்பாலை முதலாளி வீட்டுக்கும் பள்ளிபாளையத்துக் கூலித் தறிக்காரர் வீட்டுக்கும் ஒரே தொகை! சராசரியைப்போல சமத்துவம் பேசுகிற பிரதி வேறு கிடையாது.

பற்றாக்குறை என்பது நேர்ந்துவிடுவதில்லை, தீர்மானிக்கப்படுவது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்கதை உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று அந்த ஜில்லாவுக்குள். தற்செயலான தேர்வு அல்ல. 1925லிருந்து திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியவர் அவர். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகையை அங்கிருந்து கொண்டுவந்தார், உடனிருந்து உழைத்தவர் கல்கி. (நம் சிறுபத்திரிகை வரலாறுகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை. போகட்டும்.) சென்னை மாகாண வருவாயில் ஏறத்தாழ கால்வாசி கலாலிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. தெரிந்தே, வேண்டுமென்றே, ஓர் அரசு தன் பெட்டியில் ஓட்டை போட்டுக்கொண்டது. இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. கூலி வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகாமல் ஆள் வீடு வந்து சேர்ந்ததன் அர்த்தம் அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கள் இறக்கிப் பிழைத்தவர்கள் ஒரே நாளில் தொழில் இழந்ததும் அதே கதையின் இன்னொரு பக்கம். 1921இல் கள்ளுக்கு எதிராகத் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார் பிற்பாடு மதுவிலக்கையே எதிர்த்தார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் கேட்பது வேறு. அந்த ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள்? 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் எல்லாப் பண்டங்களுக்குமான முதல் விற்பனை வரி இதுதான். சட்டப்படி வியாபாரி கட்ட வேண்டியது, நடைமுறையில் விலையோடு சேர்ந்து வாங்குகிறவன் தலையில் இறங்கியது. குடித்தவனிடம் வசூலித்ததை இனி குடிக்காதவனிடமும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளிடமும் வசூலிக்கலாம் என்றாயிற்று.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 1935ஆம் வருடச் சட்டம் விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. பீகாரில், அதுவும் காங்கிரஸ் மந்திரிசபைதான், 1938லேயே அந்த வரியைப் போட்டார்கள். மிட்டாதாரர்கள் நிறைந்த சேலத்தை வைத்துக்கொண்டிருந்த சென்னை மாகாணம் போடவில்லை. இங்கே அப்படி ஒரு சட்டம் வர 1955 ஆனது, அதுவும் முதலில் தோட்டப் பயிர்களுக்கு மட்டும். 1937 தேர்தலில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. கள்ளுக்கடைக் கூட்டத்தில் ஓட்டு உள்ளவர் எத்தனை பேர் இருந்திருப்பார்? நிலமுள்ளவர்களிடம் ஓட்டு இருந்தது. யாரைத் தொடுவது, யாரைத் தொடாமல் விடுவது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1939 அக்டோபரில் மந்திரிசபை ராஜினாமா செய்தது. யுத்த காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை நிறுத்தவில்லை. மாற்றாக வந்தது கூடுதலாக உட்கார்ந்துகொண்டது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்து, 1971இல் தளர்ந்து, மறுபடி வந்து போய், 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது வரை நமக்குத் தெரிந்ததே. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலத்தின் முதுகெலும்பாக இருந்த விற்பனை வரியின் பெரும்பகுதி ஒன்றியக் கவுன்சிலின் மேசைக்குப் போய்விட்டது. சாராயமும் பெட்ரோல், டீசல் போன்றவையும் வெளியே விடப்பட்டன. சாராய வருவாய்க்கு மாற்றாகச் சேலத்தை முன்னிட்டுப் பிறந்த வரி மாநிலத்தின் கையை விட்டுப் போக, சாராய வருவாய் கையிலேயே நிற்கிறது.

டீசலைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு லிட்டர் டீசலில் ஒன்றிய அரசு எடுத்தது 31 ரூபாய் 80 காசு. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் பகிர்வுக்கு வெளியே. 1.80இல் மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்று போட்டால் லிட்டருக்கு மூன்று பைசா வருகிறது. மாநிலம் தன் பங்குக்குத் தனியாக விற்பனை வரி போடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் ‘பொறுப்பில்லாமல் கடன் வாங்கும் மாநிலங்கள்’ என்று டில்லியிலிருந்து உபதேசம் வரும்போது இந்த மூன்று பைசாவைக் காட்டத் தெரிய வேண்டும்.

2024-25இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை என்று வெள்ளை அறிக்கை சொன்னது 61,320 கோடி. இரண்டும் வேறு வேறு வருடத்தவை, கழித்துப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கடன்காரக் குடும்பம் என்று எழுதப்பட்ட அதே வீட்டிலிருந்துதான் ஒருவர் தினம் சாயங்காலம் கவுண்டரில் பணம் கட்டுகிறார். 2023 செப்டம்பரிலிருந்து அதே வீட்டுப் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. அந்தத் தொகையை இலவசம் என்று இகழ்கிறவர்களோடு எனக்குப் பேச எதுவும் இல்லை. புருஷனிடம் எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுப்பதை மறுபங்கீடு என்று கொண்டாடும் நண்பர்களோடுதான் சண்டை.

மதுவிலக்குப் போராட்ட நண்பர்களோடும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். அதன் பிறகு 2016இல் ஐந்நூறு கடை, 2023இல் ஐந்நூறு கடை என்று மூடினார்கள். வருவாய் ஏறிக்கொண்டேதான் போனது. ‘கடையை மூடு’ என்ற கோஷத்தோடு, ‘அந்தப் பணத்தை இன்னாரிடம் வாங்கு’ என்ற இரண்டாவது வரியை நாம் எந்தத் தட்டியிலும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால், மூடுகிற அன்றைக்கு அதை யார் எழுதுவார்கள், யார் பெயரை எழுதுவார்கள் என்பதற்கு 1939 இருக்கிறது. சேலம் புறவழிச் சாலையோர மனைகளின் விலை எத்தனை மடங்கு ஏறியது, அந்த ஏற்றத்தில் பொதுப் பெட்டிக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டு ஒரு துண்டறிக்கையாவது போட்டிருக்கிறோமா?

அந்த வெல்டரை அப்புறம் ஒருமுறை பார்த்தேன். மூன்று பைசாக் கணக்கைச் சொன்னேன். கட்டை விரலால் நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டே, ‘இத மொதல்லயே ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கலாமில்லீங்க’ என்றார்.