அவுட்!

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து மெட்ரிக் பள்ளிகளில் கடைசி பீரியடில் கூச்சல் கேட்டால் பயப்படாதீர்கள். இங்கிலீஷ் ரிவிஷன்! போர்டில் 10 வார்த்தை. டீச்சர் ஒன்றைச் சொன்னதும் இரண்டு பிள்ளைகள் ஓடிப்போய் அதைத் தட்டவேண்டும். தோற்றவர் அவுட். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மனப்பாடத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

ஆனால், படித்தது பி.காம். என்பதால் கணக்குப் பார்க்கிறேன். 40 பேர் வகுப்பில் ஓடுவது 2 பேர். மிச்சம் 38 பேர் கத்துவதோ தமிழில். 'அம்ப்ரெல்லா'வைத் தட்டியவனும் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லவில்லை. முதலில் அவுட்டாகி மூலையில் உட்காருவது யார்? பயிற்சி அதிகம் தேவைப்படுகிற அதே பிள்ளை!

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் இந்த விஷயத்தில் கெட்டி. ரிஷிவேலி பாணி அட்டைகள், பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுத உயரம் குறைந்த கரும்பலகை, அவரவர் வேகத்தில் ஏறும் ஏணி. யாரும் அவுட் இல்லை. என்ன, அட்டை வாய் திறந்து பேசாது.

நம்ம 'பூப்பறிக்க வருகிறோம்' விளையாட்டைப் பாருங்கள். ஒரு கட்சி கேட்க, எதிர்க்கட்சி பதில் சொல்ல, அத்தனை பேர் வாயிலும் முழு வாக்கியம். அதையே இங்கிலீஷில் ஆடச் சொல்லுங்கள் டீச்சர். தப்பும் தவறுமாகச் சொல்லட்டுமே, கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?