ஆங்கிலத்தில் பகவத் கீதை வாசிப்பு

பகவத் கீதை, மகாபாரதத்தின் பீஷ்ம பர்வத்தில் இடம்பெறும், 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும் கொண்ட நூல். சமஸ்கிருதம் அறியாத வாசகர்கள் பலருக்கு அது ஆங்கிலம் வழியாகவே அறிமுகமாகிறது. அவ்வாறு வாசிப்பவருக்குக் கிடைப்பது எது, கைநழுவுவது எது என்பதை நூலின் இரண்டு சொற்களைக் கொண்டே காணலாம்.

மொழிபெயர்ப்புகள்

கீதையைச் சமஸ்கிருதத்திலிருந்து முதலில் ஆங்கிலமாக்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான சார்லஸ் வில்கின்ஸ். 1785-ல் லண்டனில் வெளியான அந்நூலின் முகப்பில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் கடிதம் இடம்பெற்றது. ஆளப்படும் மக்களைப் பற்றிய அறிவு ஆட்சிக்குப் பயன்படும் என்ற எண்ணம் அதில் வெளிப்படையாகவே உள்ளது. ஆனால் நூல் அந்த நோக்கத்தைக் கடந்து சென்றது. அமெரிக்காவில் தோரோ அதை ஆழ்ந்து வாசித்தார்.

1885-ல் எட்வின் அர்னால்ட் செய்யுள் வடிவில் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். லண்டனில் சட்டம் பயின்ற காந்தி, பிரம்மஞான சபையைச் சார்ந்த இருவரோடு அதை வாசித்தார். அதுவரை கீதையைச் சமஸ்கிருதத்திலோ குஜராத்தியிலோ வாசித்ததில்லை என்பதைச் சுயசரிதையில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் அவரே செய்த குஜராத்தி மொழிபெயர்ப்பு 1930-ல் வெளிவந்தது. அயல்மொழி வாசிப்பு ஒருவரை மூலத்தை நோக்கித் திருப்பவும் கூடும் என்பதற்கு இது சான்று.

காலமா, மரணமா?

11-ஆம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் கண்டு அஞ்சிய அர்ஜுனன், நீ யார் என்று கேட்கிறான். 32-ஆம் சுலோகத்தில் கிருஷ்ணர் தம்மைக் ‘கால’ என்ற சொல்லால் அறிமுகம் செய்துகொள்கிறார். வில்கின்ஸும் அர்னால்டும் இதைக் காலம் என்றே பெயர்த்தனர். 1929-ல் ஆர்தர் ரைடர் மரணம் என்று பெயர்த்தார். அவரிடம் சமஸ்கிருதம் பயின்ற இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர், 1945-ஆம் ஆண்டின் முதல் அணுகுண்டுச் சோதனையை நினைவுகூர்ந்தபோது இவ்வரியை மரணம் என்ற சொல்லோடு கூறினார். உலகில் பலர் கீதையிலிருந்து அறிந்த ஒரே வரி இன்று அதுதான்.

மரணம் என்பது பிழையான பொருள் அன்று. சமஸ்கிருதச் சொல் அதற்கும் இடம் தருகிறது. ஆனால் அந்த இடத்தின் வாதம் காலத்தைச் சார்ந்தது. எதிரில் நிற்பவர்களின் முடிவு ஏற்கெனவே கனிந்துவிட்டது, அர்ஜுனன் போரிடாவிட்டாலும் அவர்கள் எஞ்சப்போவதில்லை, அவன் ஒரு கருவி மட்டுமே என்பதே தொடர்ந்து வரும் கருத்து. மரணம் என்று மட்டும் வாசிப்பவருக்கு அச்சுறுத்தல் கேட்கிறது, வாதம் மங்கிவிடுகிறது. தமிழில் இத்தேர்வின் நெருக்கடி குறைவு. எமனைக் காலன் என்றும், இறந்தவரைக் காலமானார் என்றும் சொல்லும் மொழியில் இரு பொருளும் ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

தர்மம்

நூலின் முதல் சுலோகம் ‘தர்ம’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. இறுதிச் சுலோகம் ‘எனது’ என்று பொருள்படும் சொல்லோடு முடிகிறது. இரண்டையும் இணைத்து, ‘எனது தர்மம்’ என்பதே கீதையின் பொருள் என விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் தர்மம் ஓரிடத்தில் கடமை, வேறிடத்தில் சட்டம், மற்றோரிடத்தில் அறநெறி என்று பிரிந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் பொருந்தலாம். ஆயினும் ஒரே சொல் நூல் முழுதும் திரும்பத் திரும்ப வருவதை வாசகர் உணர வழியில்லை.

தமிழ் வாசகர் இதைக் கண்டு நிம்மதி அடைவதற்கில்லை. தமிழ்ப் பேச்சு வழக்கில் தர்மம் என்பது பிச்சையிடுவதையும் குறிக்கும். தெரிந்த சொல் என்பதாலேயே அதன் பொருளை ஆராயாமல் கடந்துவிடும் ஆபத்து இங்கு உண்டு. அயற்சொல் வாசகரைத் தடுக்கிறது. பழகிய சொல் ஏமாற்றுகிறது.

வாசிக்கும் முறை

எனவே ஒரே மொழிபெயர்ப்பைக் கீதையாகவே கொள்வது சரியன்று. மூலச் சுலோகங்களை ரோமன் எழுத்தில் தந்து விளக்கமும் சேர்த்த ராதாகிருஷ்ணனின் 1948-ஆம் ஆண்டுப் பதிப்பு போன்ற ஒன்றையும், பாரதியாரின் தமிழ் உரைநடை மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து வாசிக்கலாம். இரண்டும் வேறுபடும் இடத்தில் நின்று மூலச்சொல்லைத் தேட வேண்டும். சமஸ்கிருத இலக்கணம் அறியாத மாணவருக்கும் இது இயலும். மொழிபெயர்ப்பாளர் தமக்காக எடுத்த முடிவுகளை வாசகர் காணத் தொடங்குவது அவ்விடங்களில்தான்.