இழப்பில்லா ஒலியும் சொல்லப்படாத மூலமும்

2021 மே மாதம் ஆப்பிள் மியூசிக், தன் பாடல்கள் அனைத்தையும் லாஸ்லெஸ் (இழப்பில்லா) தரத்தில், கூடுதல் கட்டணமின்றித் தரப்போவதாக அறிவித்தது. 2019 முதல் இதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கிவந்த அமேசான் மியூசிக், அதே நாளில் அதைக் கைவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே வாக்குக் கொடுத்திருந்த ஸ்பாட்டிஃபை, 2025 செப்டம்பரில்தான் அதை நிறைவேற்றியது. இந்தியாவிலோ, அதன் மிக விலை உயர்ந்த பிளாட்டினம் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் லாஸ்லெஸ் கிடைக்கிறது.

பணம் கொடுப்பவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? லாஸ்லெஸ் நேர்மையான தொழில்நுட்பம். ஆனால் அதை விற்கும் முறையில் அந்த நேர்மை இல்லை என்பது என் முடிவு. நிறுவனத்திடம் இருக்கும் கோப்பு எதையும் தொலைக்காமல் நம் கருவிக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். அந்தக் கோப்பு எப்படி உருவானது, நம் கருவிக்கு வந்தபின் அதற்கு என்ன ஆகிறது என்ற இரண்டும்தான் ஒலியின் தரத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. இரண்டையும் பற்றி 'லாஸ்லெஸ்' என்ற முத்திரை ஒன்றும் சொல்வதில்லை.

குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில் அளந்து பதியப்படுகிறது. இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3, ஏஏசி, ஆக் வோர்பிஸ் போன்ற முறைகள் காதுக்குப் பிடிபடாது என்று கணித்த நுணுக்கங்களைக் கழித்துவிட்டு 320 அல்லது 256 கிலோபிட்டுக்குள் அடக்குகின்றன. உரத்த ஒலி ஒன்று அருகிலிருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும் என்பதே அந்தக் கணிப்பின் அடிப்படை. ஃபிளாக், ஆப்பிளின் ஏலாக் ஆகிய முறைகள் எதையும் கழிப்பதில்லை. ஜிப் கோப்பைப் போல அளவைச் சுருக்கி, விரிக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் திருப்பித் தருகின்றன.

அந்த வேறுபாடு காதில் விழுகிறதா? 96 கிலோபிட்டில் ஓடும் பாடலில் பெரும்பாலும் விழும். கடத்தின் கூர்மையான தட்டு மழுங்குகிறது, ஜால்ராவின் ஓசை சலசலப்பாகச் சிதறுகிறது. 256, 320 என்று போனபின் நிலைமை வேறு. ஏஏசிக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிவது ஏறக்குறைய இயலாது என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. குறுந்தகட்டைத் தாண்டிய 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்தின் கதை இன்னும் பலவீனமானது. ஆய்வாளர்கள் மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவையும் அதே பதிவைக் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். 500க்கும் மேற்பட்ட சோதனைகளில் சரியான விடை சுமார் பாதி, அதாவது குருட்டாம்போக்கில் சொன்னாலும் கிடைக்கும் அளவு. 2016இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மிகச் சிறிய வேறுபாடு தென்பட்டது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கணிசமாகக் கூடியது. 44.1 கிலோஹெர்ட்ஸே 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பிடித்துவிடும். இளங்காதுக்குக்கூட 20தான் எல்லை. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாக நம் எல்லோருக்கும் தோன்றும்.

இனி, நம் கருவிக்கு வந்தபின் நடப்பது. இன்று பெரும்பாலோர் கேட்பது புளூடூத் இயர்பட்ஸில். அது வழக்கமாக எஸ்பிசி அல்லது ஏஏசி முறையில் மீண்டும் ஒருமுறை கழித்துத்தான் அனுப்புகிறது. சோனியின் எல்டேக்கும் அதிகபட்சம் 990 கிலோபிட்தான். லாஸ்லெஸ்ஸுக்குக் காசு கட்டிவிட்டுப் புளூடூத்தில் கேட்பவருக்கு அந்தத் தரம் பெரும்பாலும் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. ஒரு சிறு நன்மை உண்டு: ஏற்கெனவே கழித்த கோப்பை மறுபடி கழிப்பதற்குப் பதிலாக ஒரே ஒரு கழிப்போடு நின்றுவிடுகிறது. லாஸ்லெஸ் கைப்பேசியில் இடமும் அதிகம் பிடிக்கும். ஆப்பிளின் கணக்குப்படி 10 ஜிபியில் ஏஏசி பாடல்கள் 3,000 கொள்ளும், லாஸ்லெஸ்ஸில் 1,000, உயர்தர லாஸ்லெஸ்ஸில் 200.

என்னை அதிகம் உறுத்துவது, கோப்பு உருவாகும் இடம். எம்க்யூஏ என்ற முறையின் வரலாறு இதற்குப் போதிய சான்று. பாப் ஸ்டூவர்ட் உருவாக்கிய இந்த முறை, உயர்தர ஒலியைச் சிறிய கோப்புக்குள் மடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டது. 2017இல் டைடல் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் இதை ஏற்று, 'மாஸ்டர்' என்ற முத்திரையோடு அதிகக் கட்டணத் திட்டத்தில் விற்றது. முழுமையாக விரிக்க உரிமம் பெற்ற கருவி தேவைப்பட்டது. 2021இல் ஒலி விமர்சகர் ஒருவர் தன் சொந்தப் பதிவுகளை டைடலில் ஏற்றி, திரும்பி வந்ததை மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றல்ல என்று காட்டினார். தன் பாடல்களுக்குப் போட்ட 'மாஸ்டர்' முத்திரை பொய் என்று சொல்லிப் பாடகர் நீல் யங் தன் இசையை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். 2023இல் எம்க்யூஏ நிறுவனம் நொடித்தது. 2024 ஜூலையில் டைடல் அதைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறியது. பல ஆண்டுகள் கேட்பவர்கள் ஒரு முத்திரையை நம்பிப் பணம் கட்டினார்கள். சரிபார்க்கும் வழி அவர்கள் கையில் இல்லை.

ஃபிளாக் வந்ததால் அந்தக் குறை பாதிதான் தீர்ந்தது. மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னெடிக்' நினைவிருக்கலாம். மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் கட்டத்தில், ஒலியளவை அளவுமீறி உயர்த்தியதால் அது சிதைந்து ஒலிக்கிறது என்று ரசிகர்களே கொதித்தார்கள். அந்தச் சிதைவையும் லாஸ்லெஸ் ஒரு பிட் குறையாமல்தான் கொண்டுவரும்.

தமிழ்த் திரைப்பாடல்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. மூல நாடாவிலிருந்து கவனமாகப் பெயர்த்த பாடலுக்கும், தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்து, கரகரப்பை நீக்குகிறேன் என்று வயலினின் மேல் ஓசைகளையும் சேர்த்து நீக்கி, ஒற்றைத் தடத்தைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பாடலுக்கும் ஒரே முத்திரைதான். ஒருமுறை எம்பி3 ஆக்கிய கோப்பை ஃபிளாக்காக மாற்றி ஏற்றினாலும் அதே முத்திரை விழும். எம்.எஸ். விஸ்வநாதனின் ஒரு பாடலை லாஸ்லெஸ்ஸில் கேட்கும் ரசிகருக்கு 24 பிட்டா 16 பிட்டா என்று திரையில் தெரிகிறது. எந்த நாடா, எந்த ஆண்டுப் பெயர்ப்பு, யார் மாஸ்டரிங் செய்தது என்பது தெரிவதில்லை. அவருக்கு உண்மையில் உதவக்கூடிய தகவல் இதுதான்.

இவ்வளவும் சொன்னதால் லாஸ்லெஸ் வேண்டாம் என்று பொருளில்லை. கழித்த கோப்பிலிருந்து மூலத்தை மீட்க முடியாது; லாஸ்லெஸ்ஸிலிருந்து எந்த வடிவத்துக்கும் போகலாம். இசையைக் காப்பாற்றி வைக்க அதுவே சரியான வடிவம். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் நாம் எதையும் காப்பாற்றி வைப்பதில்லை. சந்தா நின்றால் இறக்கி வைத்த பாடலும் ஓடாது. பேண்ட்கேம்ப், கோபஸ் போன்ற தளங்கள் ஃபிளாக் கோப்பையே விற்கின்றன, வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கு நெருக்கமான சில ஆல்பங்களை அப்படி வாங்குவது, மாதாமாதம் மேல்திட்டத்துக்குக் கட்டுவதைவிட நல்லது.

கம்பி ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ வைத்திருந்து, கூடுதல் கட்டணமும் இல்லையென்றால் லாஸ்லெஸ்ஸைத் தயங்காமல் இயக்குங்கள். கட்டணம் கேட்டால் அந்தப் பணத்தை முதலில் ஹெட்போனுக்குச் செலவிடுங்கள். உங்கள் ஸ்ட்ரீமிங் நிறுவனத்துக்கும் பழைய பாடல்களின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள்: இந்தப் பாடலை எதிலிருந்து எடுத்தீர்கள்?